பேச்சு நீண்டது ஏன்?

நெய்வேலிக்குச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்தது, ஒலிபெருக்கி ஓய்ந்தது, தோரணங்களை அவிழ்த்துக் கொண்டிருந்தனர். மேடையில் முழங்கியவனை மேடைக்குக் கீழே நிறுத்திக் கேள்வி கேட்கும் நல்ல வழக்கம் நம் தோழர்களுக்கு உண்டன்றோ! இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்த தொழிலாளர் சிலர், தேநீர்க் கடையின் பலகையில் என்னை அமர வைத்து வளைத்துக் கொண்டனர். அவர்களில் இளையவர், கையில் மடித்து வைத்திருந்த ஏட்டை விரித்துக் காட்டிக் கேட்டார்:

"அண்ணே! ஐரோப்பிய ஒன்றியத்தோடு வாணிப உடன்பாடு முடிந்தது என்று எழுதியிருக்கிறார்கள். 2007 ஜூனில் தொடங்கிய பேச்சு, 2026 ஜனவரி 27இல் முடிந்ததாம். பேச்சு தொடங்கியபோது நான் ஐந்தாம் வகுப்பு. இன்று என் மகன் பள்ளிக்குப் போகிறான். அப்படி என்னதான் பேசினார்கள்?"

அருகிலிருந்த முதியவர் சிரித்தார். "தம்பி, ஊதிய உடன்பாட்டுப் பேச்சுக்குப் போய் உட்கார்ந்தவன் நான். எதிரே அமர்ந்திருப்பவர் பேசுவதைக் கேட்டு முடிவு வராது. அவருக்குப் பின்னால் யார் இருக்கிறார், எனக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் முடிவு வரும்" என்றார்.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். விட்ட பாடத்தை அன்று அந்தத் தேநீர்க் கடைப் பலகையில் படித்தேன். பொருளியல் பேராசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை, அந்த முதியவர் இரண்டு வரியில் இயம்பிவிட்டார். அந்த இரண்டு வரிக்கு விளக்கவுரையே இக்கட்டுரை.

*

நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் வாணிபப் பேச்சு நீண்டால், இரு வகையான விடைகள் உடனே வருகின்றன. "நம் அதிகாரிகள் சோம்பேறிகள்" என்பது ஒன்று. "வெள்ளையர் வஞ்சகர்" என்பது மற்றொன்று. இரண்டும் எளிய விடைகள். எளியவை என்பதாலேயே இனியவை. ஆனால் உண்மை அல்ல.

அதே டில்லிதான், ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2021 செப்டம்பரில் பேச்சைத் தொடங்கி, 88 நாளில் முடித்து, 2022 பிப்ரவரி 18இல் கையெழுத்திட்டது! சோம்பேறி என்றால் 88 நாளில் சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது? சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐஸ்லாந்தும் லிக்டன்ஸ்டைனும் சேர்ந்த கூட்டமைப்போடு 2008இல் தொடங்கிய பேச்சு, 2024 மார்ச்சில்தான் முடிந்தது. பதினாறு ஆண்டு! நான்கும் நமக்கு நட்பு நாடுகள், நம்மோடு எல்லைத் தகராறு இல்லை, படையெடுப்பு இல்லை, பகை இல்லை. பிறகு எதற்குப் பதினாறு ஆண்டு?

ஆகவே காரணத்தை, மேசையில் அமர்ந்தவர்களின் குணத்தில் தேடுவது வீண். வேறிடத்தில் தேட வேண்டும். எங்கே தேடுவது? தொலைதூரம் போக வேண்டாம். நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்புக்கு வாருங்கள். அங்கே விடை இருக்கிறது.

*

சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே பாருங்கள். கரிய அடுக்கு ஒன்று ஆழத்தில் தெரிகிறது. அதுதான் பழுப்பு நிலக்கரி. அதை அடைய நூறு அடிக்கும் மேலான மண்ணை அகற்ற வேண்டும். ஒரு டன் கரிக்குப் பல டன் மேல்மண்! யானைக் கூட்டத்தை ஒன்றாகக் கட்டி நிறுத்தியது போன்ற பக்கெட் வீல் எந்திரங்கள், பகலென்றும் இரவென்றும் பாராமல் அந்த மண்ணை வழித்து வழித்துக் கன்வேயரில் கொட்டுகின்றன. பார்ப்பவன், "கரி எடுக்கும் வேலை நடக்கிறது" என்கிறான். உண்மையில் நடப்பதில் பெரும்பகுதி மண் எடுக்கும் வேலை.

வாணிபப் பேச்சிலும் அப்படியே. முடிவில் தெரியும் உடன்பாடு கரி. அதற்கு மேலே கிடக்கும் மண் எத்தனை என்று கணக்கிடுங்கள். ஆணி முதல் ஆகாய விமானம் வரை, அரிசி முதல் அறுவை மருத்துவக் கருவி வரை, ஆயிரக்கணக்கான பண்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் எத்தனை ஆண்டில் எத்தனை விழுக்காடு குறைப்பது என்ற வழக்கு. போதாதென்று, அந்தப் பண்டம் எந்த நாட்டில் விளைந்தது என்று மெய்ப்பிக்கும் விதி, மருந்துக் காப்புரிமை, வங்கி, காப்பீடு, அரசு வாங்கும் பொருள்கள் என்று அடுக்கடுக்காக மண்!

பேசுவோர் தொகை பெருகினாலும் மண் பெருகும். 1947இல் ஜெனீவாவில், இந்தியா உள்ளிட்ட 23 நாடுகள் கூடிப் பேசிய முதல் சுற்று ஏழு மாதத்தில் முடிந்தது. 1964இல் தொடங்கிய கென்னடி சுற்றில் 62 நாடுகள், 37 மாதம். 1973இல் தொடங்கிய டோக்கியோ சுற்றில் 102 நாடுகள், 74 மாதம். 1986இல் தொடங்கிய உருகுவே சுற்றில் 123 நாடுகள், 87 மாதம். நான்காண்டில் முடிப்போம் என்று தொடங்கியது. 1990 டிசம்பரில் பிரசல்ஸ் நகரில் வேளாண்மை மானியத்தில் முட்டி உடைந்தது. 1994 ஏப்ரலில்தான் மராகேஷ் நகரில் கையெழுத்தானது. 2001 நவம்பரில் தொடங்கிய தோகா சுற்றோ, 2005 தொடக்கத்துக்குள் முடியும் என்று நாள் குறிக்கப்பட்டது, முடியவே இல்லை.

மற்றொரு விதியும் உண்டு. "எல்லாவற்றிலும் உடன்படும் வரை, எதிலும் உடன்பட்டதாகக் கொள்ள மாட்டோம்" என்பது அந்த விதி. 2008 ஜூலையில் ஜெனீவாவில் அமைச்சர்கள் ஒன்பது நாள் கூடினர். பட்டியலில் இருபது இனங்கள். பதினெட்டில் கருத்து நெருங்கியது. பத்தொன்பதாவது இனம் வந்தது. வெளிநாட்டு விளைபொருள் வெள்ளம்போல் வந்து புகும்போது, ஏழை நாடு தன் உழவனைக் காக்க வரியை உயர்த்தலாமா, எப்போது உயர்த்தலாம் என்பது அக்கேள்வி. இறக்குமதி பத்து விழுக்காடு கூடினாலே உயர்த்த உரிமை வேண்டும் என்றனர், இந்தியா நின்ற அணியினர். நாற்பது விழுக்காடு கூடிய பிறகுதான் என்றது அமெரிக்கா. பத்துக்கும் நாற்பதுக்கும் இடையே பாலம் அமையவில்லை. பதினெட்டும் பாழாயின!

இதற்கு நேர்மாறான காட்சி, நெய்வேலியின் வரலாற்றிலேயே உண்டு. 1956 நவம்பரில் நிறுவனம் அமைந்தது. 1957இல் சோவியத் நாட்டோடு செய்துகொண்ட கடன் உடன்பாட்டில் நெய்வேலி மின்நிலையம் இடம்பெற்றது. 1962இல் முதல் பொறி மின்சாரம் தந்தது. பேச்சு நீளவில்லை. ஏன்? விற்க விரும்பியவன் ஒருவன், வாங்க விரும்பியவன் ஒருவன். பேசவேண்டிய பட்டியல் சிறிது. அந்த எந்திரம் வருவதால் வயிறு எரிகிறவன் இரு நாட்டிலும் இல்லை. அந்த முதல் மின்நிலையம் தன் கடமையை முடித்து 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. அது உணர்த்திய பாடம் ஓய்வு பெறவில்லை: இழப்பவன் இல்லாத பேச்சு இழுபடாது!

*

மேல்மண் பாதிக் கதைதான். மீதிக் கதை கரிக்குக் கீழே இருக்கிறது.

நெய்வேலியில் கரி அடுக்குக்கு அடியில், பாறைப் பிடியில் அடைபட்ட பெருநீர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது, ஆனால் மேலே இருக்கும் மண்ணை அகற்ற அகற்ற, அந்த நீர் கீழிருந்து மேலே முட்டும். முட்டும் நீரை முன்கூட்டியே இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால், சுரங்கத்தின் தரை பிளந்து, எந்திரமும் மனிதனும் நீரில் மிதக்க வேண்டியதுதான். ஆகையால்தான் நிறுவனம் உருவாகும் முன்பே சோதனைக் குழி தோண்டி நீரை இறைத்துப் பார்த்தனர். இன்றும் அங்கே பம்புகள் ஓயாமல் இறைக்கின்றன.

தோழா! வாணிபப் பேச்சின் அடியில் இருக்கும் அந்த நீர் எது தெரியுமா? மேசையில் இடம் தரப்படாத மக்கள்!

நியூசிலாந்தை எடுத்துக்கொள். 2010இல் பேச்சு தொடங்கியது. 2015இல் நின்றது. காரணம் பால்! கடல்போல் பால் பொங்கும் நாடு அது. இரண்டு மாடு வைத்து, காலையும் மாலையும் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றி, அந்தக் காசில் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கும் தாய்மார்களின் நாடு இது. அந்தத் தாய் டில்லிக்குப் போனதில்லை. வெலிங்டன் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறிந்ததில்லை. ஆனால் அவள்தான் அந்தப் பேச்சைப் பத்தாண்டு நிறுத்தி வைத்தாள். 2025 மார்ச்சில் மீண்டும் தொடங்கினர். பாலை இந்தியா பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. டிசம்பரில் பேச்சு முடிந்தது. ஒன்பது மாதம்! பத்தாண்டு நின்றதும் இதே நாடுகள்; ஒன்பது மாதத்தில் முடித்ததும் இதே நாடுகள். நடுவே மாறியது ஒன்றுதான்: பால் செம்பு!

கிழக்காசிய நாடுகளின் பெருங்கூட்டு உடன்பாட்டையும் நினைத்துப் பார். 2012இல் தொடங்கினர். ஏழாண்டு பேசினர். 2019 நவம்பர் 4இல் பாங்காக்கில், "எங்களால் இயலாது" என்று இந்தியா எழுந்து வந்தது. பாற்பண்ணையாளரும் சிறுதொழிலாளரும் உழவரும் கொதித்தெழுந்த பிறகு வந்த முடிவு அது. மற்ற 15 நாடுகள் 2020 நவம்பரில் கையெழுத்திட்டுக் கொண்டன. கொதிப்பு இருப்பதை ஏழாம் ஆண்டில்தானா அறிய வேண்டும்? முதலாண்டிலேயே இறைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

மருந்தின் கதை வேறு. ஐரோப்பியப் பேச்சில், புது மருந்தின் சோதனைக் குறிப்புகளைப் பிற நிறுவனங்கள் பயன்படுத்தாதபடி பூட்டி வைக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. ஏற்றிருந்தால், குறைந்த விலை மருந்து சந்தைக்கு வருவது ஆண்டுக் கணக்கில் தள்ளிப்போயிருக்கும். எய்ட்ஸ் நோயாளிகளும், அவர்களுக்காக உழைத்த மருத்துவர்களும் டில்லியின் தெருவில் நின்று, "எங்கள் உயிரை விற்காதே" என்றனர். இந்தியா அக்கோரிக்கைக்கு இணங்கவில்லை. பேச்சு நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நீட்சியைக் குற்றம் என்பாயா? ஏழையின் ஆயுள் நீள்வதற்காக ஒரு பேச்சு நீண்டது என்றால், அந்த நீளத்துக்கு நான் மாலை சூட்டுவேன்!

*

நாடகம் எழுதுபவன் நான். மேடையில் நிற்கும் நடிகன் வசனத்தை மறந்தால், திரைக்குப் பின்னால் இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். வாணிப நாடகத்தில், திரைக்குப் பின்னால் இருப்பவரே மாறிவிடுவார். சில வேளைகளில் எதிரே நிற்கும் நடிகனே மாறிவிடுவான்!

2007இல் நாம் பேச அமர்ந்தபோது ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். 2013இல் குரோவேஷியா சேர்ந்து 28. 2020இல் பிரிட்டன் விலகி மீண்டும் 27. ஸ்காட்ச் மதுவுக்கு வரியைக் குறை என்று உரக்கக் கேட்டவர் ஒன்றியத்திலிருந்தே வெளியேறி, தனியே பேச வந்தார். அந்தத் தனிப்பேச்சும் 2022 ஜனவரியில் தொடங்கி, "தீபாவளிக்குள் முடிப்போம்" என்று கெடு வைத்து, மூன்று தீபாவளி கண்டு, நான்கு பிரிட்டிஷ் பிரதமர்களைக் கண்டு, 2025 மே மாதம்தான் முடிந்தது.

பேச்சு நீளும்போது புதுப்புது இனங்களும் முளைக்கும். 2007இல் பட்டியலில் இல்லாத ஒன்று, 2021இல் ஐரோப்பாவில் முளைத்தது: கரிப்புகைக்கு எல்லையில் விலை! இரும்பு, அலுமினியம், சிமெண்டு, உரம் முதலியவற்றைச் செய்யும்போது எவ்வளவு புகை வெளியேறியது என்று கணக்கெடுத்து, அதற்கு விலை கேட்கும் ஏற்பாடு அது. 2023 அக்டோபரில் கணக்குக் கேட்கத் தொடங்கினர்; 2026 ஜனவரி முதல் நாளிலிருந்து காசுக் கடப்பாடும் தொடங்கிவிட்டது. கரியை நம்பி வாழும் ஊரே! உன் புகைபோக்கி கூடப் பேச்சு மேசையில் ஒரு பொருளாகிவிட்டது! ஐரோப்பியப் பேச்சின் கடைசிச் சிக்கல்களில் இதுவும் ஒன்றாக நின்றது.

வெளியே இருந்து வரும் அச்சமோ, நீளும் பேச்சைச் சுருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா, இந்தியப் பண்டங்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. திருப்பூர் திகைத்தது, ஏற்றுமதி ஆணைகள் ஊசலாடின. ஒரு சந்தையின் கதவு மூடும்போது, மற்றொரு சந்தையின் கதவைத் தட்டும் கைக்கு வேகம் பிறப்பது இயல்பன்றோ! ஐரோப்பாவும் அதே அமெரிக்க வரிக்கு அஞ்சிய நிலையில்தான் இருந்தது. பதினெட்டு ஆண்டு நகராத தேர், அதன்பின் ஐந்து மாதத்தில் நிலைக்கு வந்தது.

எதிர்த்தரப்பின் கையெழுத்துக்கு வலிமை உண்டா என்ற ஐயமும் பேச்சை நீட்டும். அமெரிக்காவில், வெளிநாட்டு வாணிபத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரசு மன்றத்துக்கு உரியது. திருத்தம் கேட்காமல் "ஏற்கிறோம்" அல்லது "மறுக்கிறோம்" என்று மட்டும் வாக்களிப்போம் என மன்றம் முன்கூட்டியே சட்டம் செய்து தந்தால்தான், அயலார் அமெரிக்கத் தூதரை நம்பிப் பேசுவர். அச்சட்டம் 2007இல் காலாவதியாயிற்று. 2008இல் ஜெனீவாவுக்கு வந்த அமெரிக்கத் தூதரின் கையில் அந்த அதிகாரம் இல்லை! கொடுத்த வாக்கை ஊரார் மாற்றிவிடுவர் என்று தெரிந்தால், எவன் தன் கடைசி விலையைச் சொல்வான்?

*

அப்படியானால் நீளம் நல்லது, சுருக்கம் கெட்டது என்று சொல்கிறேனா? இல்லை. நீளத்துக்கு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுத்தார் என்று திருப்பூரில் கேளுங்கள்.

ஐரோப்பியச் சந்தையில், வங்காள தேசத்துப் பனியனுக்கு வரி இல்லை. 2001 முதல் அந்தச் சலுகை. வியட்நாம் 2020 ஆகஸ்டில் தன் உடன்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. திருப்பூர்ப் பனியன் மட்டும் 12 விழுக்காடு வரை வரிச் சுமையைத் தலையில் தூக்கிக்கொண்டு அதே கடை வாசலில் நின்றது. ஒரே நூல், ஒரே உழைப்பு, ஒரே வியர்வை. விலை மட்டும் வேறு! டில்லியில் காலம் கரைந்த ஒவ்வோர் ஆண்டும், இங்கே ஆர்டர் கரைந்தது. கார்களுக்கு 110 விழுக்காடு வரை இருந்த வரியைக் குறைப்பதா என்று ஆண்டுக் கணக்கில் வழக்காடினர். அந்த வழக்கு நடந்த காலமெல்லாம் அபராதம் கட்டியவள், தையல் எந்திரத்தின் முன் அமர்ந்த பெண்!

அவசரத்துக்கும் விலை உண்டு. தென்கிழக்காசிய நாடுகளோடு 2009 ஆகஸ்டில் சரக்கு வாணிப உடன்பாடு கையெழுத்தாகி, 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மிளகும் தேயிலையும் பனை எண்ணெயும் அதில் இருந்தன. கையெழுத்தான பிறகுதான் கேரளம் கொதித்தது. அக்டோபரில் சாலை நெடுக மனிதச் சங்கிலி நின்றது. கையெழுத்துக்குப் பின் சங்கிலி கட்டி என்ன பயன்? பனை எண்ணெய் பெருகினால் தேங்காயின் விலை என்னாகும் என்ற கவலை, பொள்ளாச்சித் தோப்புக்காரனுக்கு இன்றும் தீரவில்லை.

இழுத்தடிப்பதே இலாபம் என்று இருப்போரும் உண்டு. தோகா சுற்று இழுபட்ட காலம் முழுதும், செல்வ நாடுகளின் வேளாண் மானியம் தொடர்ந்தது. இருக்கும் நிலை எவனுக்கு ஆதாயமோ, அவனுக்கு ஒவ்வொரு ஒத்திவைப்பும் ஒரு வெற்றி. ஆகவே ஒரு பேச்சு நீள்கிறது என்றால், "எத்தனை ஆண்டு?" என்று மட்டும் கேட்காதே. "காலம் யார் பக்கம்?" என்று கேள்!

*

இதுவரை நோயைச் சொன்னேன். மருந்தைச் சொல்ல வேண்டாமா?

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் பிரித்துப் பார். ஒன்றியப் பட்டியலின் பதினான்காம் இனம்: அயல்நாடுகளோடு உடன்படிக்கை செய்தல். மாநிலப் பட்டியலின் பதினான்காம் இனம்: வேளாண்மை! எண் ஒன்று, இடம் வேறு. மாநிலப் பட்டியலின் இருபத்தோராம் இனம் மீன்வளம். வயல் எங்கள் பட்டியலில். வயலின் விளைபொருளுக்கு விலை வைக்கும் உடன்படிக்கை அவர்கள் பட்டியலில்! எந்த உடன்படிக்கையையும் நிறைவேற்ற, மாநிலப் பட்டியலுக்குள்ளும் புகுந்து சட்டம் செய்யும் அதிகாரத்தை 253ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு வழங்குகிறது. உடன்படிக்கையை ஏற்கவோ நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்புகூடக் கட்டாயம் இல்லை. அமைச்சரவையின் ஒப்புதல் போதும்.

மீன்பிடி மானியம் குறித்த பேச்சு, உலக வணிக அமைப்பில் 2001இல் தொடங்கியது. 2022 ஜூனில் ஒரு பகுதி முடிந்து, 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. எஞ்சிய பகுதியில், வளரும் நாடுகளுக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்று இந்தியா வாதாடியது. நல்ல வாதம்தான். ஆனால் நெய்வேலிக்குக் கிழக்கே சிறிது தொலைவில், கடலூர்க் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவனிடம், டீசல் மானியம் போனால் உன் படகு எத்தனை நாள் கடலுக்குப் போகும் என்று எவரேனும் முறையாகக் கேட்டதுண்டா?

பெல்ஜியம் நாட்டில் வல்லோனியா என்று ஒரு மாநிலம். மக்கள் தொகை நாற்பது இலட்சத்துக்கும் குறைவு. கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2009இல் தொடங்கி ஐந்தாண்டு பேசி முடித்த உடன்பாட்டை, 2016 அக்டோபரில் அந்தச் சிறு மாநிலத்தின் மன்றம் தடுத்து நிறுத்தியது. "எங்கள் உழவருக்கு என்ன காப்பு?" என்று கேட்டது. விளக்கம் எழுதித் தந்த பிறகே வழி விட்டது; அந்த மாத இறுதியில் கையெழுத்தானது. 2011 கணக்குப்படியே ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தமிழ்நாட்டுக்கோ, ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளும் உரிமை மட்டுமே!

"ஒவ்வொரு மாநிலமும் குறுக்கே நின்றால், பத்தொன்பது ஆண்டு நாற்பது ஆண்டாகும்" என்பர் டில்லியின் நண்பர்கள். நியாயமான அச்சம்தான், தள்ளிவிட மாட்டேன். ஆனால் மேலே சொன்ன கணக்கை மீண்டும் பாருங்கள். பேச்சை நீட்டியது, மக்களைக் கேட்டதா? கேளாமல் விட்டதா? பாலைத் தொடக்கூடாது என்று முதல் நாளே வரையறுத்திருந்தால், நியூசிலாந்துப் பேச்சு அப்போதே முடிந்திருக்கலாமே! உழவரின் கொதிப்பை முதலாண்டிலேயே அறிந்திருந்தால், கிழக்காசியக் கூட்டில் ஏழாண்டு உழைப்பு வீணாகியிருக்காதே! தொடக்கத்தில் கேளாத கேள்விதான், முடிவில் முடிச்சாக நிற்கிறது.

"பேரம் பேசுகிறவன் சீட்டைத் திறந்து காட்டலாமா?" என்பர் வேறு சிலர். கடைசி விலையைக் காட்டச் சொல்லவில்லை நாங்கள். இன்ன பண்டம் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லக்கூடவா இயலாது? நம்மோடு பேசிய ஐரோப்பிய ஒன்றியமே, தான் முன்வைத்த வரைவுகளைத் தன் மக்கள் படிக்க வெளியிட்டது. அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை அவர்கள் ஏட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். நம்மவர் என்ன கேட்கிறார் என்பது நமக்கே தெரியவில்லை! சீட்டைத் திறந்து காட்டியவன் தோற்றுப் போகவில்லையே!

ஆகவே நாம் கேட்பது மூன்று. பேச்சு தொடங்குமுன், வேளாண்மையும் மீன்வளமும் தொடர்புடைய இனங்களில் மாநில அரசுகளைக் கேட்க வேண்டும். அறிக்கைக்காக அல்ல, விடைக்காகக் கேட்க வேண்டும். பட்டியலில் உள்ள பண்டங்களையும், யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்ற மதிப்பீட்டையும், உழவனும் நெசவாளியும் மீனவனும் படிக்கும் தமிழில் வெளியிட வேண்டும். கையெழுத்துக்கு முன் நாடாளுமன்றத்தில் விவாதம் நடக்க வேண்டும். இழப்போருக்கு ஈடு என்ன என்பதை அந்த விவாதத்திலேயே சொல்ல வேண்டும். தடுப்பதற்கு அதிகாரம் கேட்கவில்லை. கேட்கப்படுவதற்கு உரிமை கேட்கிறோம்.

*

அன்றிரவு தேநீர்க் கடையில் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. தோழர்கள் எழுந்தனர். இளைஞர் ஏட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "உனக்கு இன்று என்ன வேலை?" என்று கேட்டேன்.

"பம்பு பார்க்கும் வேலை அண்ணே. அடியில் இருக்கிற தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் எல்லாம் நின்றுவிடும்" என்றார்.

டில்லியில் இருப்போருக்கு இதைவிடத் தெளிவாக எவர் எடுத்துரைக்க இயலும்? மேல்மண்ணை அகற்றப் பெரிய எந்திரம் உண்டு உங்களிடம், அதிகாரிகள் உண்டு, ஆண்டுகளும் உண்டு. அடியில் முட்டும் நீரை அறிவதற்குத்தான் ஏற்பாடு இல்லை. நெய்வேலியில் முதலில் நீரை இறைத்தனர். பிறகே ஆழத் தோண்டினர். நீங்களோ முதலில் தோண்டுகிறீர்கள், தரை பிளந்த பிறகு, "பேச்சு ஏன் நீள்கிறது?" என்று வியக்கிறீர்கள்!

பேச்சு நீளட்டும், சுருங்கட்டும்; அது இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப அமையும். ஆனால் பால் செம்பு ஏந்திய தாயும், வலை ஏந்திய மீனவனும், தையல் எந்திரத்தின் முன் அமர்ந்த பெண்ணும் அந்த மேசைக்கு வெளியே நிற்கும் வரை, எந்தக் கையெழுத்தும் முடிவான கையெழுத்து ஆகாது. அவர்களைக் கேளுங்கள், முதலில் கேளுங்கள், கேட்டபின் பேசுங்கள்!